சோலார் போட்டவரோடு பிணக்கு வந்தால்: வன்னியில் வீடு வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

கார்த்திகையில் ஒரு நாள் விடியப்புறம் நாலு மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். சமையலறையில் மா வாளிக்குப் பக்கத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரோச் அடித்து மேலே பார்த்தேன். கூரைச் சீற்றைத் துளைத்து வந்திருந்த ஒரு திருகாணியின் நுனியில் ஒரு துளி தொங்கியது. அது விழ, அடுத்தது திரண்டது. சோலார் பனலைத் தாங்கும் சட்டத்துக்காக ஆவணி தொடக்கத்தில் இறக்கிய ஆணி அது. அதற்குள் பத்தில் ஒன்பது பங்கு காசு கைமாறிவிட்டது.

எங்கள் வீடு இலங்கையின் வடக்கே, வன்னியில், விசுவமடுப் பக்கம். 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்தில் பலர் சோலார், கூரைக்கு வெள்ளித்தாள், கரண்ட் குறைவாக இழுக்கும் மின்விசிறி என்று இறங்கினார்கள். நல்ல விஷயம்தான், நானும் அப்படித்தான் இறங்கினேன். ஆனால் செய்விப்பதற்கு ஆள் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருந்தார்கள். செய்தது பிழைத்தால் என்ன செய்வது என்று சொல்ல ஒருவரும் இல்லை. எட்டு மாதம் அலைந்து நான் அறிந்துகொண்டதை, முதல் தடவையாக இந்த வேலை செய்விக்கப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். ஏற்கெனவே பிணக்கில் இருப்பவர்கள் நேரே மூன்றாம் படிக்குப் போகலாம்.

முதற்படி: காசு கட்டம் கட்டமாக, கதை எழுத்தில்

போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியோடு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஐந்தரை இலட்சம் ரூபாவும் ஒரே நாளில் கணக்கில் விழவில்லை. வேலை எந்தளவில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் வந்தது. அப்போது அந்தக் கட்டங்களை நினைத்து அலுத்துக்கொண்டோம். எங்கள் சொந்தக் காசைக் கொடுக்கும்போது மட்டும் அந்த ஒழுங்கை மறந்துவிடுகிறோம்.

சோலாரில் பொருளின் விலைதான் பெரும்பகுதி. ஆகவே பனலும், அதன் மின்னை வீட்டுப் பாவனைக்கு மாற்றித் தரும் இன்வேர்ட்டரும் முற்றத்தில் வந்து இறங்கியதும் ஒப்பந்தகாரர் பெரிய தொகை கேட்பது நியாயம். கொடுங்கள். ஆனால் கடைசிப் பத்து வீதத்தையாவது, முடிந்தால் பதினைந்து வீதத்தை, கையில் வைத்திருங்கள். மிஞ்சி லைனுக்குப் போகும் மின்னையும் எண்ணும் மீற்றரை மின்சார சபை மாற்றித் தந்து, ஒரு முழு மாதம் ஓடி, கூரைக்குத் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகே அந்தக் காசு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். நான் பத்து வீதம் வைத்திருந்தேன். அதுவும் இல்லாமல் போயிருந்தால் பின்னால் அவர் என் தொலைபேசியை எடுத்திருப்பாரோ தெரியாது.

எழுத்தில் இருக்கவேண்டியவை: பனலின் பெயர், மாதிரி இலக்கம், எத்தனை வாட், எத்தனை பனல், இன்வேர்ட்டரின் மாதிரி, வேலை முடிக்கும் திகதி, மின்சார சபை விண்ணப்பத்தை யார் கொண்டு ஓடுவது, கூரையில் போடும் துளைகளுக்கு யார் பொறுப்பு, எத்தனை வருடத்துக்கு. பனலுக்கு 25 வருடம் என்று சொல்வது உற்பத்தி நிறுவனம் தரும் உத்தரவாதம். உங்கள் கூரை ஒழுகினால் அந்த நிறுவனம் வராது. வேலைக்கான உத்தரவாதம் வேறு, அது பூட்டினவரிடமிருந்து வரவேண்டியது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம்தான். அதைத் தனியே எழுதி வாங்குங்கள். இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்தவரா என்றும், வேலைக்கு வரும் பொடியள் அவருடைய ஆட்களா அல்லது வேறொருவருக்குக் கைமாற்றிய வேலையா என்றும் கேளுங்கள். எனக்கு வந்தவர்கள் கைமாற்றில் வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாதம் எத்தனை யூனிற் வரும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பனல் மாதம் ஏறக்குறைய 100 முதல் 120 யூனிற் தரும், மாரியில் குறையும். ஐந்து கிலோவாட்டுக்கு 700 யூனிற் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். வெயில் கூடக் கூட மின் கூடும் என்பதும் முழு உண்மை அல்ல. பனல் சூடேறினால் உற்பத்தி இறங்கும். 25 பாகை செல்சியசுக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் போகும். சித்திரை மத்தியானத்தில் பனல் 60 பாகையைத் தொட்டால் பத்து வீதத்துக்கு மேல் இழப்பு.

இன்னொன்றைக் கட்டாயம் எழுத்தில் கேளுங்கள்: கரண்ட் போனால் வீட்டில் லைற் எரியுமா? பற்றரி இல்லாமல் மின்சார சபை லைனோடு மட்டும் இணைத்த தொகுதி, லைன் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு மின் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். விற்க வருகிற பிள்ளை "எரியும் அக்கா" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் ஊரில் இரண்டு குடும்பம் ஒப்பந்தகாரரோடு முகம் பார்ப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். கனடாவில் இருந்தபடியே விலை பேசி, அங்கிருந்தே முழுக்காசையும் போட்டுவிட்டால், இங்கே வீட்டில் இருக்கிற தாய்க்கு எத்தனை பனல் வரவேண்டும் என்பதே தெரியாது. ஒப்பந்தம் இங்கே இருப்பவரின் பெயரில் இருக்கட்டும். ஒரு பிரதி அவர் கையில் இருக்கட்டும். மின்சாரக் கணக்கு இன்னும் செத்துப்போன தகப்பனின் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இரண்டாம் படி: மாரி வரும்வரை காத்திராதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள். வன்னியில் கூரை வேலை எல்லாம் ஆடி, ஆவணியில் நடக்கும். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பிழை தெரியவர மூன்று மாதம் ஆகிவிடும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடச் சட்டம் தரும் காலமும் அதே மூன்று மாதம்தான். ஆவணியில் பூட்டி, கார்த்திகையில் ஒழுகி, மார்கழியில் நான் முறையிடப் போனபோது நாள் கடந்திருந்தது. அந்தக் கதவு எனக்குச் சாத்தப்பட்டது இப்படித்தான்.

ஆகவே மழையை நீங்களே பெய்யப் பண்ணுங்கள். பனல் சூடேறும் முன், விடியக்காலையில், கிணற்று மோட்டரைப் போட்டுக் குழாயால் பனல் சட்டத்தின் மேற்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பதினைந்து நிமிடம். ஒருவர் வீட்டுக்குள் நின்று ரோச் அடித்துப் பார்க்கவேண்டும். இன்வேர்ட்டர், சுவிட்ச் பெட்டிகள் பக்கம் தண்ணீர் பிடிக்கவேண்டாம். அஸ்பெஸ்ரஸ் கூரையில் ஏறவும் வேண்டாம். ஏணியில் நின்றபடி விட்டாலே போதும். பழைய சீற் காலடியில் உடையும். துளைக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

அப்படியே ஆணிகளைப் பாருங்கள். சீற்றுக்கு மேடும் பள்ளமும் உண்டு. திருகாணி மேட்டில்தான் இறங்கவேண்டும், இறப்பர் வாசரோடு. பள்ளத்தில் இறங்கினால் மழைத்தண்ணீர் முழுக்க அந்த ஓட்டையைக் கடந்துதான் ஓடும். வாசர் வெயிலில் வெடித்த அன்றைக்கு வீட்டுக்குள் வரும். எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்தேன். பதினொரு ஆணி பள்ளத்தில்.

அடுத்தது நிழல். வெயில் நாளில் ஒவ்வொரு மணித்தியாலமும் இன்வேர்ட்டர் காட்டும் எண்ணைப் படம் எடுங்கள். எங்களுடையது முற்பகல் பதினொரு மணிக்கு 3.9 கிலோவாட் காட்டியது. பின்னேரம் மூன்றரைக்கு 0.8. மேலே பார்த்தால், மேற்கு மூலையில் இரண்டு பனலில் வேம்பின் நிழல். ஒரே வரிசையில் தொடுத்த பனல்களில் ஒன்றிரண்டில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதன் உற்பத்தியும் இறங்கும். அளவெடுக்க வந்தவர் காலையில் வந்தார். வேம்பு அவர் கண்ணில் பட்டது, அதன் பின்னேர நிழல் படவில்லை.

கூரைக்குக் கீழே வெள்ளித்தாள் அடித்தவர்கள் இதைப் பாருங்கள்: தாளின் மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி இருக்கிறதா? சீற்றோடு ஒட்ட அடித்தால் வெப்பம் நேரே தாளுக்குள் இறங்கிவிடும், காசு வீண். எங்களுக்கு அப்படித்தான் அடித்திருந்தார்கள். மத்தியானம் கட்டிலில் படுத்தால் முன்பிருந்த அதே வெக்கை.

பனல், இன்வேர்ட்டர் ஒவ்வொன்றிலும் உள்ள தொடரிலக்கத்தைப் படமெடுத்து ஒப்பந்தத்தோடு ஒத்துப் பாருங்கள். மின்சார சபை மீற்றர் மாற்றும் முன் "சும்மா போட்டுப் பாருங்கோ" என்று யார் சொன்னாலும் தொகுதியைப் போடவேண்டாம். சில மீற்றர்கள் வெளியே போகும் மின்னையும் உங்கள் பாவனையாகவே எண்ணிவிடும்.

மூன்றாம் படி: பிழை யாருடையது என்று பிரித்தறியுங்கள்

கோபத்தோடு தொடங்கினால் எல்லாமே ஒப்பந்தகாரரின் பிழையாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதில் ஒரு பகுதி அவருடையது அல்ல.

இன்வேர்ட்டர் 550 யூனிற் காட்டுகிறது, மின்சார சபைப் பில்லில் 380 தான் வெளியே போனதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 170 களவு போகவில்லை. பகலில் பிரிட்ஜும் மின்விசிறியும் மோட்டரும் எடுத்தது அது. இதை அறியாமல் சண்டைக்குப் போனால் முதல் நாளே உங்கள் பேச்சு எடுபடாமல் போகும்.

நல்ல வெயிலில், மத்தியானத்தில் இன்வேர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடினால் வோல்ற்றேஜைப் பாருங்கள். இங்கே வீட்டு மின் 230 வோல்ற், அதிலிருந்து ஆறு வீதம் கூடலாம் குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. லைனின் கடைசி முனையில் இருக்கும் வீடுகளில் பகலில் இது ஏறிவிடும், இன்வேர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஒரு மின்னியலாளரைக் கொண்டு, தொகுதி ஓடும்போது மீற்றரடியிலும் இன்வேர்ட்டரடியிலும் அளந்து பாருங்கள். இரண்டிடத்திலும் ஏறக்குறைய ஒரே உயர்ந்த எண் வந்தால் அது லைன் பிரச்சினை. மின்சார சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். மின்சார சபை அசையாவிட்டால், அதை மேற்பார்க்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மீற்றரடியில் சரியாக இருந்து, இன்வேர்ட்டரடியில் மட்டும் பல வோல்ற் கூடக் காட்டினால் இடையில் போட்ட வயர் மெல்லியது, அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கிறது. அது பூட்டினவர் பொறுப்பு.

இப்படிப் பிரித்தபோது என் பட்டியலில் நாலு விஷயம் மிஞ்சியது: பதினொரு ஆணி, உடைந்த மூன்று சீற், நிழலில் வைத்த இரண்டு பனல், ஒட்ட அடித்த வெள்ளித்தாள். நாலும் ஒரு பக்கத்தில் அடங்கியது.

நான்காம் படி: பேச்சு, பிறகு கடிதம்

முதலில் பேசுங்கள். நான் பேசினேன்.

"அக்கா, மாரிக்கு எல்லா வீடும் ஒழுகுந்தானே. வெயில் வரட்டும், பொடியளை அனுப்பிவிடுறன்."

"தம்பி, ஒழுகுற இடமெல்லாம் உங்கட ஆக்கள் ஓட்டை போட்ட இடம். ஒருக்கா வந்து பாருங்கோ."

"வாறன் அக்கா, கட்டாயம் வாறன்."

தை பிறந்தது. வெயிலும் வந்தது. ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் வட்ஸ்அப்பில் "இன்று பேசியபடி, வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு வரி அனுப்பி வைத்தேன். அவர் பதில் போடாவிட்டாலும் அந்த வரி நாள், நேரத்தோடு அங்கே கிடந்தது. பின்னால் அதுதான் பேசியது.

வேறு ஆளைக் கூப்பிட்டு உடனே கழற்றித் திருத்திவிடாதீர்கள். யார் செய்த பிழை என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. ஒழுக்கு தாங்கமுடியாவிட்டால் படங்களை எடுத்துவிட்டு, மேலே படங்கு போட்டுக் கட்டுங்கள். படங்கு வாங்கிய பில்லை வைத்திருங்கள். முகநூலில் அவர் பெயரைப் போட்டு எழுதவும் வேண்டாம். மனது ஆறும், ஆனால் திருத்த வருகிற ஆளும் வராமல் போவார், அவதூறு என்று உங்கள் மேலேயே வழக்கு வரவும் இடமுண்டு.

இரண்டு தடவை சொல்லியும் வராவிட்டால் கடிதம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்திவையுங்கள். நீட்டி எழுதத் தேவையில்லை. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"இன்ன திகதியில் நாம் செய்த ஒப்பந்தப்படி நீங்கள் என் வீட்டில் சோலார் தொகுதியும் கூரைத் தாளும் பூட்டினீர்கள். கீழ்க்காணும் நாலு குறைபாடுகள் உள்ளன. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் உங்கள் செலவில் இவற்றைத் திருத்தித் தரவேண்டும். திருத்தி, தண்ணீர் விட்டுப் பார்த்த அன்றே மிச்சப் பணத்தைத் தருவேன். தவறினால் மத்தியஸ்த சபையில் முறையிடுவேன்."

மிச்சப் பணத்தைத் தருவேன் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். காசைச் சுருட்டத்தான் குறை சொல்கிறார் என்று அவர் நாளைக்குச் சொல்லமுடியாது.

ஐந்தாம் படி: எங்கே போவது

முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. தொலைபேசி 1977, ஆனால் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவேண்டாம். மாவட்டச் செயலகத்தில் கேட்டு, எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

பொலிசுக்கு ஓடத்தான் பலருக்கும் முதலில் தோன்றும். காசை வாங்கிக்கொண்டு ஆளே இல்லாமல் போனால், பொய்ப் பெயரில் ஏமாற்றினால், அங்கே போங்கள். வேலை சரியில்லை என்பது குடியியல் விஷயம், பொலிஸ் பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்கே திருப்பிவிடும்.

நான் போனதும் அங்கேதான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் சபை இது. எந்தச் சபையில், எந்த நாளில் என்பதைப் பிரதேச செயலகத்தில் மத்தியஸ்த விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர் சொல்வார். சட்டத்தரணி வந்து வாதாட இடமில்லை, நீங்களே பேசவேண்டும். அதற்குப் பயப்படவேண்டாம். மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். ஒருவரை நீங்கள் தெரிவு செய்வீர்கள், ஒருவரை அவர். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை அல்ல. இருவரையும் ஒரு இணக்கத்துக்குக் கொண்டுவருவதுதான்.

இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கு என்றால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போகமுடியாது. வழக்குப் போடவும் காலவரை உண்டு. எழுத்து ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்று. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம். நான் அந்தளவுக்குப் போகவில்லை, ஆகவே அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ஆறாம் படி: சபையில் இருக்கும் நாள்

ஒரு சனிக்கிழமை, பாடசாலை வகுப்பறையில், பிள்ளைகள் இருக்கும் சின்ன வாங்கில்களில் இருந்தோம். என் கையில் ஒரு கோப்பு. ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், இன்வேர்ட்டர் படங்கள், கடிதம், தபால் சீட்டு எல்லாம் திகதி வரிசையில். ஒரு பொலித்தீன் பையில் ஒரு திருகாணியும் இருந்தது. மின்னியலாளர் தம்பி ஒரு நாள் ஏணி வைத்து, படமெடுத்துவிட்டுக் கழற்றித் தந்தது. அந்த ஓட்டைக்கு அன்றே தார்ப்பட்டி ஒட்டிவிட்டார். ஆணி பாதிவரை துருப்பிடித்திருந்தது, வாசரில் பாதி இல்லை.

மத்தியஸ்தர்களில் வயதான ஒருவர் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "தம்பி, இது பள்ளத்துக்குள்ள இறக்கின ஆணியெல்லே?" என்று கேட்டார். ஒப்பந்தகாரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அண்டைக்கு வரேல்லை ஐயா. வேற ஆக்களிட்ட குடுத்த வேலை" என்றார். அந்த ஒரு வசனத்தோடு அறையில் சூடு தணிந்தது. அவரும் ஒரு பெரிய முதலாளி அல்ல, பத்து இடத்தில் வேலை எடுத்து ஓடுகிற ஒரு பிள்ளை. நான் அவரிடம் கேட்டது திருத்தித் தரும்படிதான்.

இணக்கம் எழுதும்போது பொதுவான சொற்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். "குறைகளைச் சரிசெய்வார்" என்று மட்டும் எழுதினால் இன்னொரு மாரிக்கும் நீங்கள் காத்திருப்பீர்கள். எங்களுடையதில் இப்படி இருந்தது: பள்ளத்தில் உள்ள எல்லா ஆணியும் கழற்றி, மேட்டில் புதிதாக இறக்குவது, மூன்று சீற் அவர் செலவில், இரண்டு பனல் கிழக்குப் பக்கம் மாற்றுவது, வெள்ளித்தாளை இறக்கி, மரச்சட்டம் வைத்து இடைவெளி விட்டு அடிப்பது, சட்டத்துக்கான மரம் என் செலவு. வேம்பின் மேற்குக் கிளையை வெட்டுவது என் பொறுப்பு. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முடிக்கவேண்டும். எல்லாருக்கும் முன்னால் வாசித்துக் காட்டி, கையெழுத்திட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி.

பங்குனி கடைசியில் அவரே வந்தார், இரண்டு ஆட்களோடு. இரண்டு நாள் வேலை. ஆட்கள் சீற்றில் நேரே கால் வைக்காமல் பலகை போட்டு நடந்ததைக் கண்டேன். மூன்றாம் நாள் விடியக்காலையில் மோட்டரைப் போட்டு, குழாயை அவர் கையிலேயே கொடுத்தேன். அம்மா சமையலறையில் ரோச்சோடு நின்றார். முக்கால் மணித்தியாலம் தண்ணீர் விட்டோம். அம்மா உள்ளேயிருந்து "ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார்.

அன்றைக்கே மிச்சக் காசைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் "முழுப்பணமும் பெற்றேன்" என்ற வரிக்குக் கீழே, கூரைத் துளைகளுக்கு இன்று தொடக்கம் இரண்டு வருடம் பொறுப்பு என்று அவர் கையால் எழுதி, திகதி போட்டு, கையெழுத்திட்டார்.